விடியுமுன் கேட்டடியில் நிற்க வேண்டும்: மலைநாட்டில் ஒருநாள் பயணம் போகிறவர்களுக்கு

கத்தாரில் இருந்து முழுதாக ஊர் திரும்பிய வருடம், முதல் வேலையாக வீட்டில் எல்லோரையும் நம் இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனேன். தலவாக்கலையில் இருந்து காலை ஆறரைக்குத்தான் வேன் கிளம்பியது. அண்ணி தலை சீவி முடிக்கவில்லை, மாமாவுக்கு இன்னொரு பிளேன்டீ வேண்டும், தம்பி மகனுடைய ஒரு செருப்பைக் காணவில்லை. போய்ச் சேர்ந்து, சீட்டு எடுத்து, நடந்து, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது மணி பதினொன்றரை. எதிரே ஒரே வெள்ளை. அறுபத்தாறு வயது அம்மா நாலு கிலோமீற்றர் நடந்து வந்து அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத நம்ம லயத்து வாசல்லயே பாக்கலாமே தம்பி" என்றார். லயம் என்றால் எங்கள் தோட்டத்து வரிசை வீடு.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் நான் ஒன்பது வருடம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவன். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. நவம்பர் முதல் மார்ச் வரை, வெயில் தணிந்த மாதங்களில், கூட்டாளிகள் சேர்ந்து தெற்கே கோர் அல் உதைத் பக்கம் போவோம். மணல் மேடுகள் நேராகக் கடலுக்குள் இறங்கும் இடம் அது. அதற்குக் கிளம்புமுன் என்னென்ன பார்ப்போம்! சீலைன் கடற்கரைப் பக்கம் நிறுத்தி டயர் காற்றைப் பாதியாகக் குறைப்போம், அப்போதுதான் டயர் பரந்து மணலில் புதையாமல் ஓடும். ஒற்றை வண்டியாக ஒருநாளும் போகமாட்டோம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ரூமில் இருப்பவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். பொழுது சாயுமுன் தார் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதில் இருந்துதான் மற்ற எல்லா நேரத்தையும் எண்ணுவோம்.

அவ்வளவு கணக்குப் பார்த்தவன், சொந்த மலைக்குப் போகும்போது ஒரு கணக்கும் பார்க்கவில்லை. நம்ம ஊர்தானே என்ற நினைப்பு. அதற்குப் பிறகு இந்த வேனில் எத்தனையோ குடும்பங்களை ஏற்றிப் போய்விட்டேன். அதில் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் பார்ப்பது. நம் மலைகளுக்கு இரண்டு பக்கம், இரண்டு மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். அதே நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்ததும் இது தலைகீழாகும். பட்டிப்பொல தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் தூறல், ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பளிச்சென்று வெயில். அதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஆடி மாதம் போக வேண்டுமென்றால் பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் திரும்புங்கள்: அப்புத்தளை, எல்ல, தியலும. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை நன்றாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும்.

தோட்டத்து ஆட்களைச் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அதற்கு முந்தின ஞாயிறு வைத்தால் வரமுடியாதவர்கள் வாய் திறந்து காரணம் சொல்லமாட்டார்கள், "உடம்பு சரியில்லை" என்பார்கள். போயாவோடு, அதாவது பௌர்ணமி லீவோடு, சேர்ந்த நீண்ட விடுமுறையும், நுவரெலியாவில் ஏப்ரல் சீசனும் வேண்டவே வேண்டாம். கிரகரி வாவியைச் சுற்றி வாகனங்கள் நிற்கும் வரிசையில் அரை நாள் போய்விடும்.

மழை நாட்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடும்: மஞ்சள், அம்பர், சிவப்பு. நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவு அதில் எந்த நிறத்தில் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஞ்சள்தானே என்று போனவர்கள் உண்டு, நான் போகமாட்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து ரயில் பாதையையும் மலை வீதிகளையும் என்ன பாடுபடுத்தியது என்று நம் கண்ணாலேயே பார்த்தோம். ரயிலில் போகிறவர்கள் முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, நேரத்துக்கு வருவோம். ஹோர்ட்டன் சமவெளியின் கேட் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஒன்பதரை, பத்துக்கெல்லாம் உலக முடிவில் பனி ஏறத் தொடங்கிவிடும். அது மேலே இருந்து இறங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கீழே இருந்துதான் ஏறுகிறது. அந்த விளிம்பில் நிலம் சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. சூரியன் ஏற ஏறக் கீழே பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி, அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, குளிர்ந்து மேகமாகிவிடும். எனவே எட்டு, எட்டரைக்குள் விளிம்பில் நிற்க வேண்டும். அங்கே நடக்க ஒன்றரை மணி நேரம், கேட்டில் சீட்டு, பை சோதனை எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், ஆறு மணிக்குக் கேட்டடியில் நிற்காவிட்டால் சரிவராது. தலவாக்கலையில் இருந்து லிந்துலை, நானுஓயா, நுவரெலியா, அம்பேவெல, பட்டிப்பொல வழி போகும் எங்களுக்கு விடியற்காலை மூன்றே முக்கால்.

மூன்றே முக்காலுக்குப் பதின்மூன்று பேரை வேனில் ஏற்ற என்னிடம் ஒரு வழிதான் இருக்கிறது. எல்லோரும் முதல் நாள் இரவே ஒரே வீட்டில் படுப்பது. வீடு வீடாகப் போய் ஹோர்ன் அடித்து ஏற்றுவதாக இருந்தால் ஐந்து மணியாகிவிடும், பக்கத்து லயத்தில் ஏச்சும் வாங்க வேண்டும். பைகளை இரவே வேனில் ஏற்றிவிடுங்கள். குழந்தைகளைக் கால்சட்டை, ஜேர்சியோடேயே படுக்கப் போடலாம். அத்தை ஒருவர் அதிகாலை குளித்துவிட்டுத்தான் வருவேன் என்பார், எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரிடம் மட்டும் மூன்று மணிக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள். தலவாக்கலைக் குளிர் பழகிய நமக்கே அங்கே பல் கிட்டும். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஆனால் எட்டு மணி வெயில் முகத்தைச் சுட்டுவிடும். அதனால் ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றிக் கழற்றி இடுப்பில் கட்டக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. மங்கிக் கெப் எல்லோருக்கும். சேலையோடு வருகிற அம்மாமாருக்குச் சப்பாத்துப் போட்டுவிடுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பாதை முழுக்கக் கல்லும் வேரும் சேறும்தான், ரப்பர் செருப்பு நடைபாதையில் வரும் பேக்கர் அருவி இறக்கத்தில் அறுந்துவிடும். எங்கள் பயணத்தில் அறுந்தது, கடைசி இரண்டு கிலோமீற்றரை மாமா ஒற்றைச் செருப்போடு நடந்தார்.

சாப்பாட்டை எங்கள் வீட்டில் மனைவிதான் முடிவு செய்வார். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை. இவ்வளவுதான் காலைக்கு. ரொட்டி ஆறினாலும் சாப்பிடலாம், சம்பல் கெடாது, கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். வாசலுக்குப் போகும் முன், பட்டிப்பொல பக்கம் எங்காவது வேனை ஓரம் கட்டி, பிளாஸ்கில் இருந்து சுடச்சுட இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் குடித்தபடி சாப்பிட்டுவிடுங்கள். மத்தியானச் சோறு வேனிலேயே இருக்கட்டும். வாழையிலையில் கட்டினால் மணமும் நன்றாக இருக்கும், குப்பையும் மிஞ்சாது.

உள்ளே பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறைகளைக் கழற்றிக் காகிதப் பையில் மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலையும் உரித்துவிடுவார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அங்கே மரைகள், அதாவது பெரிய மான்கள், ஆட்களைப் பார்த்துப் பழகி வாகனத்தடியிலேயே வந்து நிற்கின்றன, பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. பிள்ளைகள் மரைக்கு ரொட்டி கொடுக்க ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். கொம்பு வைத்த மரை பார்க்க மாடு மாதிரி சாதுவாக இருந்தாலும் அது காட்டு மிருகம். வீட்டிலேயே எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால் அந்தச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சீட்டுக் கட்டணம் அவ்வப்போது மாறும், வாகனத்துக்குத் தனி. பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வந்த மச்சானைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், அது பல மடங்கு. "நானும் இங்கதான் பிறந்தேன்" என்று அவர் கவுண்டரில் வாதாடிக்கொண்டிருக்கும்போது பனி ஏறிவிடும். முதல் நாளே சொல்லி அவரை மனதளவில் தயார்படுத்திவிடுங்கள்.

முழுச் சுற்று ஒன்பதரை கிலோமீற்றர் அளவு. பாதை பிரியும் இடத்தில் பலரும் அருவிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சின்ன உலக முடிவுப் பக்கம் போங்கள், அதற்கப்புறம் பெரியது, திரும்பி வரும்போது பேக்கர் அருவி. பனி வந்தாலும் அருவி தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது. நடைபாதையில் கழிப்பறை கிடையாது, தொடங்கும் இடத்திலேயே எல்லோரையும் அனுப்பி எடுங்கள். முக்கியமாகப் பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், அப்புறம் தலைவலி என்பார்கள். போன் சிக்னலும் வந்து வந்து போகும். பிரிந்து நடப்பதாக இருந்தால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்று வாயால் பேசிவிட்டுப் பிரியுங்கள். பாலைவனத்தில் இரண்டு வண்டி என்றால் இங்கே இரண்டு பெரியவர்கள்: ஒருவர் எப்போதும் முதலில், ஒருவர் எப்போதும் கடைசியில். கடைசியில் நடக்கிறவருக்குப் பொறுமை வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது அண்ணன்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்து ஆள் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து விழுந்துவிட்டார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் இறங்கித் தூக்கினார்கள். எல்லோருக்கும் அந்த மரம் கிடைக்காது. படம் எடுக்கிறவர் நிற்கும் இடத்தை விட்டு அசையக்கூடாது, சின்னப் பிள்ளைகளின் கை ஒரு பெரியவர் கையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் சத்தம் போட்டே பேசுவேன்.

நடக்க முடியாதவர்களை என்ன செய்வது? வீட்டில் விட்டுவிட்டுப் போனால் பாவமாக இருக்கும், கூட்டிப்போனால் வேனில் நாலு மணி நேரம் தனியே குந்தியிருக்க வேண்டும். நான் சொல்வது, முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் ஹோர்ட்டன் சமவெளியை இன்னொரு நாளைக்கு வையுங்கள். அவர்களோடு போகும் நாளுக்கு வேறு பாதை: சீதா எலியவில் சீதையம்மன் கோயில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹக்கலைப் பூங்கா. வெள்ளைக்காரன் 1861இல் கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது, இப்போது ரோஜா பார்க்கப் போகிறோம். பிறகு அம்பேவெல பண்ணையில் பால். இதற்கு மூன்றே முக்கால் தேவையில்லை, ஏழு மணிக்குக் கிளம்பலாம், அத்தை ஆறுதலாகக் குளிக்கலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே டெவன் அருவியும் சென் கிளயர் அருவியும் ரோட்டோரத்தில் நின்று பார்க்கக்கூடியவை. இருக்கையை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு.

ஆற்றில் குளிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கத்தாரில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, காய்ந்த பள்ளத்தில் கூடாரம் போடாதே என்பது. மேலே வானம் நீலமாக இருக்கும், எங்கோ தூரத்தில் பெய்த மழை அந்தப் பள்ளம் வழியாக ஒரே பாய்ச்சலில் வந்து சேரும். அதே கதைதான் நம் அருவிகளிலும். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேல் தோட்டத்தில் அரை மணி நேரத்துக்கு முன் மழை கொட்டியிருக்கும். ஒருமுறை கூட்டாளிகளோடு ஓர் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். முதலில் தண்ணீரில் சருகும் குச்சியும் கூடுதலாக வந்தது. அப்புறம் நிறம் பிளேன்டீ மாதிரி ஆனது. கரையில் நின்ற ஒரு கொழுந்துக்காரப் பெண் "ஏறுங்கய்யா, ஏறுங்க!" என்று கத்தினார். நாங்கள் ஏறி, துவாயைத் தேடி எடுப்பதற்குள் நாங்கள் நின்ற கல் மறைந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு மூன்று பழக்கம். மதியத்துக்குப் பிறகு ஓடையில் இறங்குவதில்லை. சருகு வந்தாலோ நிறம் மாறினாலோ, சோப்பு முகத்தோடு என்றாலும் ஏறிவிடுவது. இறங்குமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்பது. நீர்த்தேக்கத்துக்குக் கீழே என்றால் இன்னும் கவனம். எங்கள் மேல் கொத்மலை அணையில் மழைக்காலத்தில் வான்கதவு திறக்கும்போது ஆறு வேறு ஆறாகிவிடும். கூட்டாளிகள் பயணத்தில் போத்தல் வரும், வரவே வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். குடித்தவன் தண்ணீரில் இறங்கக்கூடாது, சாரதிக்கு ஒரு சொட்டும் கிடையாது. இதற்குச் சம்மதிக்காதவர்களை நான் ஏற்றுவதில்லை, ஒரு கூட்டத்தைப் பாதி வழியில் திருப்பியும் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். காசு தரவில்லை. பரவாயில்லை.

அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்துகொள்ளுங்கள், காலில் சவர்க்காரம் பூசிவிட்டுச் சப்பாத்துப் போட்டாலும் ஏறாது. பிடுங்கி எறிந்தால் இரத்தம் நிற்காமல் ஓடும்.

வாந்தி. மலைப் பயணத்தில் எல்லோரும் மறைத்துவைக்கிற விஷயம். வளைவில் பின் சீட்டுத்தான் அதிகம் ஆடும், ஆனால் எல்லா வேனிலும் பிள்ளைகளைத்தான் பின்னால் போடுகிறார்கள். பின்னால் இளவட்டங்கள் போகட்டும். வாந்தி வருகிறவர் முன்பக்கம், ஜன்னலோரம், தூரத்து மலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், போனைப் பார்க்கக்கூடாது. தேசிக்காயை நகத்தால் கீறி மோந்துகொள்வது நம் வீட்டுப் பழக்கம். கூடவே ஒரு பழைய துவாயும் மூடியுள்ள வாளியும் வேனில் வையுங்கள்.

வேன் ஓட்டுகிற தம்பிமாருக்கு: மணலில் டயர் காற்றைக் குறைத்தோம், இங்கே குறையவே கூடாது. ஸ்பெயார் டயரையும் அமுக்கிப் பாருங்கள், அதில்தான் யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் றம்பொடை இறக்கத்தில் கருகல் மணம் வரும். வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூட்டோடு சில்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். பனியில் ஹெட்லைட்டைக் கீழே இறக்கிப் போடுங்கள், மேலே போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காசுக்கு ஒரு கொப்பி போடுங்கள். டீசல், சீட்டு, சாப்பாட்டுச் சாமான், இவ்வளவையும் கூட்டி, பெரியவர் தலைக்கு இவ்வளவு என்று போகுமுன்னே வாங்கிவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சம் வந்தால் திரும்பும் வழியில் நுவரெலியாவில் ஸ்ட்ரோபரி வாங்கிப் பிரித்துக் கொடுங்கள்.

அம்மாவை மறுபடி கூட்டிப்போனது இரண்டு வருடம் கழித்து, ஒரு பெப்ரவரியில். எட்டே காலுக்கு விளிம்பில் இருந்தோம். கீழே தேயிலை மலைகளும் லயங்களின் தகரக் கூரைகளும் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. அம்மா அந்தக் கூரைகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார், எந்தத் தோட்டம் என்று என்னிடம் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. ஒன்பதரைக்குப் பனி ஏறியது. நாங்கள் அப்போது அருவிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வேனை அன்றைக்கே கழுவிவிடுங்கள். அந்த வாளியை முதலில்.